கறுப்பர் அடையாளப் பெயர்கள்: நிறமா, வழித்தோன்றலா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களை எப்பெயரால் அழைப்பது என்ற விவாதம் இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆப்பிரிக்கர், கலர்டு (நிறமுடையோர்), நீக்ரோ, ஆப்ரோ-அமெரிக்கர், பிளாக் (கறுப்பர்), ஆப்பிரிக்க அமெரிக்கர் என்பன வெவ்வேறு காலங்களில் மேலோங்கிய பெயர்கள்.

தமிழில் இவ்வரலாறு பெரும்பாலும் ஒரு படிக்கட்டைப் போலச் சொல்லப்படுகிறது. இழிவான பெயரில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் மரியாதையான ஒரு பெயரை அம்மக்கள் அடைந்தனர் என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது என்றாலும் இது வரலாற்றோடு பொருந்தவில்லை. 1830களில் கைவிடப்பட்ட 'ஆப்பிரிக்க' என்ற சொல் 1988இல் திரும்பி வந்தது. பாட்டன் காலத்தில் வசையாக இருந்த 'பிளாக்' பேரன் காலத்தில் பெருமையாயிற்று. பெரும் போராட்டத்தால் மதிப்புப் பெற்ற 'நீக்ரோ' நாற்பது ஆண்டுகளுக்குள் ஒதுக்கப்பட்டது. இப்பெயர்கள் ஒரே கேள்விக்கான விடைகளாக இருந்தால் இப்படி முன்னும் பின்னும் போயிருக்கமாட்டா. 'உன் நிறம் என்ன', 'உன் முன்னோர் எங்கிருந்து வந்தனர்', 'உன் நாடு எது', 'உனக்குச் சேரவேண்டியதை எந்தக் கணக்கில் கேட்கிறாய்' என்னும் வெவ்வேறு கேள்விகளுக்கு அந்தந்தக் காலத்தில் கிடைத்த விடைகள் அவை.

'ஆப்பிரிக்கர்' கைவிடப்பட்ட கதை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் வாழ்ந்த விடுதலைபெற்ற கறுப்பர்கள் தம் அமைப்புகளுக்கு 'ஆப்பிரிக்க' என்றே பெயரிட்டனர். ரிச்சர்டு ஆலன் 1816இல் நிறுவிய ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபை இன்றும் அப்பெயரோடு இயங்குகிறது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் குடியேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. விடுதலைபெற்ற கறுப்பர்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவில் குடியமர்த்துவது அதன் திட்டம். லைபீரியா என்ற நாடு இத்திட்டத்தில் உருவானதே. அடிமைகளை வைத்திருந்த தென்மாநிலப் பெருந்தனக்காரர் பலரும் இக்கழகத்தை ஆதரித்தனர். சுதந்திரமாக நடமாடும் கறுப்பர் கண்ணில் படாதிருப்பது அவர்களுக்கு வசதி.

1817 ஜனவரியில் பிலடெல்பியாவின் பெத்தேல் தேவாலயத்தில் ஏறத்தாழ 3,000 கறுப்பர்கள் கூடி இத்திட்டத்தை எதிர்த்தனர். அதன் பிறகு 'ஆப்பிரிக்கர்' என்று தம்மைச் சொல்லிக்கொள்வதில் ஓர் ஆபத்து தென்பட்டது. 'ஆப்பிரிக்கன் என்று நீயே சொல்கிறாய், அங்கேயே போ' என்று எதிர்த்தரப்பு சொல்ல இடமாயிற்று. 1835இல் பிலடெல்பியாவில் நடந்த மாநாட்டில் வில்லியம் விப்பர் கொண்டுவந்த தீர்மானம், அமைப்புகளின் பெயரிலிருந்தும் தேவாலயங்களின் சலவைக்கல்லிலிருந்தும் கூட 'ஆப்பிரிக்க' என்ற சொல்லை நீக்கும்படி பரிந்துரைத்தது. கல்லில் வெட்டியதையே எடுக்கச் சொன்னார்கள் என்றால் அச்சத்தின் அளவு விளங்கும். 'கலர்டு' என்ற சொல்லையும் விடவேண்டும் என்று அதே தீர்மானம் கூறியது. விப்பரின் எண்ணத்தில் இந்நாட்டில் பிறந்தவருக்கு 'அமெரிக்கர்' என்ற ஒரே பெயர் போதும். ஆனால் மக்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. 1837இல் நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷ் ஆசிரியராக இருந்த இதழ் 'தி கலர்டு அமெரிக்கன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. தனிப்பெயரே வேண்டாம் என்பவருக்கு அவர் தந்த விடை இதழின் தலைப்பிலேயே இருந்தது.

ஆக, 'ஆப்பிரிக்கர்' என்ற பெயர் இழிவாக இருந்ததால் கைவிடப்படவில்லை. பிறந்த மண்ணில் இருக்கும் உரிமையைக் காப்பதற்காகக் கைவிடப்பட்டது. படிக்கட்டுக் கதையில் இந்த முதல் படிக்கே இடமில்லை.

'நீக்ரோ'வும் பெரிய எழுத்தும்

'நீக்ரோ' என்பது ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளில் கறுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை மதிப்புள்ள பெயராக நிலைநிறுத்த முயன்றவர்கள் கறுப்பின அறிஞர்களே. 1909இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற உரிமை அமைப்பின் பெயரில் 'கலர்டு' இருக்கிறது. 1915இல் கார்ட்டர் வுட்சன் தொடங்கிய வரலாற்றுக் கழகத்தின் பெயரில் 'நீக்ரோ' இருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் அருகருகே புழங்கின. டி. தாமஸ் ஃபார்ச்சூன் என்ற இதழாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே 'ஆப்ரோ-அமெரிக்கர்' என்ற பெயரை முன்வைத்தார். பால்ட்டிமோரில் 1892இல் தொடங்கிய 'ஆப்ரோ-அமெரிக்கன்' இதழ் அக்காலத்தின் எச்சம்.

ஆங்கிலத்தில் இனங்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். பொதுச்சொற்கள் சிறிய எழுத்தில் தொடங்கும். வெள்ளையர் நடத்திய இதழ்கள் 'நீக்ரோ' என்பதைச் சிறிய எழுத்திலேயே அச்சிட்டன. ஐரிஷ்காரருக்கும் இத்தாலியருக்கும் கிடைத்த பெரிய எழுத்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை. டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1899இல் வெளியிட்ட பிலடெல்பியா பற்றிய ஆய்வுநூலின் அடிக்குறிப்பு ஒன்றில், எண்பது லட்சம் அமெரிக்கர்களுக்கு ஒரு பெரிய எழுத்தைப் பெறும் தகுதி உண்டு என்ற பொருளில் எழுதினார். நியூயார்க் டைம்ஸ் இந்த வழக்கத்தை ஏற்றது 1930 மார்ச் மாதத்தில். ஓர் எழுத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதே டு பாய்ஸ்தான் 1928இல் பெயர்கள் முக்கியமல்ல என்றும் வாதிட்டார். அவர் ஆசிரியராக இருந்த 'தி கிரைசிஸ்' இதழுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர், 'நீக்ரோ' என்ற சொல்லை இதழ் ஏன் பயன்படுத்துகிறது, இது வெள்ளையர் நம்மைத் தாழ்த்தவிட்ட பெயரல்லவா என்று கேட்டு எழுதினார். டு பாய்ஸின் விடை புகழ்பெற்றது. பெயர் என்பது ஒரு பொருளைச் சுட்டும் வழக்கு மட்டுமே. பெயரை மாற்றினால் வெறுப்பு போய்விடாது. வெறுக்கப்படும் மக்களுக்கு எந்தப் புதுப்பெயர் வைத்தாலும் அதுவும் வெறுக்கப்படும். மேலும் 'ஆப்பிரிக்கர்', 'கலர்டு' ஆகியவற்றைவிட 'நீக்ரோ' துல்லியமானது, ஒலியாலும் நல்லது என்றார்.

வாதம் வலுவானது. வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தத் தக்க கடிதம் அது. ஆனால் பெயர் வெறும் வழக்கு என்றால் அதன் முதலெழுத்துக்காக ஏன் போராடினார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. அவருடைய கடிதத்தைவிட அடிக்குறிப்பே உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த மாணவரின் கேள்வியும் அழிந்துவிடவில்லை. பார்படாசில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் புத்தகக்கடை நடத்திய ரிச்சர்டு பி. மூர், 1960இல் 'நீக்ரோ' என்ற பெயரின் தோற்றத்தையும் தீய பயன்பாட்டையும் பற்றி ஒரு தனிநூலே எழுதினார். அச்சொல் அடிமை வாணிபத்தோடு பிறந்தது, நாட்டையோ வரலாற்றையோ சுட்டாமல் மனிதரைச் சரக்காகச் சுட்டுவது என்பது அவர் வாதம். 'ஆப்ரோ-அமெரிக்கர்' என்பதே தகும் என்றார்.

'பிளாக்'

மார்ட்டின் லூதர் கிங் 1963இல் வாஷிங்டனில் ஆற்றிய பேருரையில் தம் மக்களைப் பெரும்பாலும் 'நீக்ரோ' என்றே குறிப்பிட்டார். அது அன்றைய மரியாதைச் சொல். 'பிளாக்' என்று ஒருவரை அழைப்பது அன்று பல குடும்பங்களில் சண்டையை வரவழைக்கும். மால்கம் எக்ஸ், 'நீக்ரோ என்று சொல்லப்படுவோர்' என்று அடைமொழியிட்டே பேசி அச்சொல்லின் மதிப்பைக் குறைத்துவந்தார். 1966 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் நகரில் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'கறுப்பு அதிகாரம்' என்ற முழக்கத்தை எழுப்பினார். இரண்டாண்டில் ஜேம்ஸ் பிரவுனின் பாடல் அச்சொல்லை வானொலியில் ஏற்றியது. 1971இல் அமெரிக்க நாடாளுமன்றக் கறுப்பு உறுப்பினர்கள் அமைத்த குழு 'பிளாக்' என்ற பெயரையே சூடிக்கொண்டது. வுட்சன் 1926இல் தொடங்கிய நீக்ரோ வரலாற்று வாரம் 1976இல் கறுப்பு வரலாற்று மாதமாயிற்று.

பொருளளவில் பார்த்தால் நடந்தது விந்தை. 'நீக்ரோ'வும் 'பிளாக்'கும் ஒரே நிறத்தைத்தான் குறிக்கின்றன. ஒன்று ஸ்பானியம், மற்றது ஆங்கிலம். அகராதி கொண்டு இம்மாற்றத்தை விளக்க முடியாது. மற்றவர் வசையாக எறிந்த சொல்லை எடுத்து அவர்களே அணிந்துகொண்டார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. 'வெள்ளை' என்பதற்கு நேர் எதிராக நிற்கும் சொல் என்பதும் ஒரு காரணம். சமமான இரு சொற்கள் எதிரெதிரே நின்றன.

'ஆப்பிரிக்க அமெரிக்கர்'

1988 டிசம்பரில் சிகாகோவில் ஜெசி ஜாக்சனும் பிற தலைவர்களும் கூடி, இனி 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்றே அழைக்கவேண்டும் என்று அறிவித்தனர். யோசனையை முன்வைத்தவர் ரமோனா எடலின். அமெரிக்காவின் பிற சமூகங்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தாலி, அயர்லாந்து, போலந்து என ஒரு மண் உண்டு. நிறத்தை மட்டும் சொல்லும் பெயருக்கு மண் கிடையாது என்பது ஜாக்சனின் வாதம். சில ஆண்டுகளிலேயே நாளேடுகளும் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்றன. ஆனால் இச்சொல் 'பிளாக்' என்பதை வெளியேற்றவில்லை. இன்றுவரை இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் கறுப்பு அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எந்தப் பெயராயினும் சரி என்றே கூறிவந்துள்ளனர். பெயரைப் பற்றி எழுதுவோருக்கு இருக்கும் பதற்றம் பெயரைத் தாங்குவோர் எல்லோருக்கும் இருப்பதில்லை.

ஜாக்சனின் ஒப்புமையில் ஓர் ஓட்டை உண்டு. இத்தாலிய அமெரிக்கருக்குத் தம் பாட்டி பிறந்த ஊர் தெரியும். அடிமைக் கப்பலில் வந்தவரின் பேரனுக்கு ஊர் மட்டுமல்ல, மொழியும் தெரியாது. ஒரு கண்டம் முழுவதையும் ஊராகச் சொல்லவேண்டியிருக்கிறது. இழப்பையே பெயராக வைத்துக்கொண்டதைப் போன்றது இது. இதைக் குறையாகக் கருதுவோரும் உண்டு, நேர்மையாகக் கருதுவோரும் உண்டு.

உள்ளே யார், வெளியே யார்

1965இல் குடியேற்றச் சட்டம் தளர்த்தப்பட்டபின் நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, ஜமைக்கா, ஹைட்டி முதலிய நாடுகளிலிருந்து பெருமளவில் மக்கள் அமெரிக்கா சென்றனர். இன்று அந்நாட்டுக் கறுப்பர்களில் ஏறத்தாழ 10இல் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். லாகோசிலிருந்து நேற்று வந்து குடியுரிமை பெற்றவர், சொல்லின் நேர்ப்பொருளில் பார்த்தால், அலபாமாவில் ஏழு தலைமுறையாக வாழ்பவரைவிட அதிகமாக 'ஆப்பிரிக்க அமெரிக்கர்'. மொழியியலாளர் ஜான் மக்வோர்ட்டர் 2004இல் இதைக் காரணம் காட்டித் தம்மைக் 'கறுப்பர்' என்றே அழைத்துக்கொள்ளப்போவதாக எழுதினார். அதே ஆண்டில் ஹார்வர்டு பேராசிரியர்களான ஹென்றி லூயிஸ் கேட்சும் லேனி குனியரும் தம் பல்கலைக்கழகக் கறுப்பு மாணவர்களில் பெரும்பங்கினர் குடியேறியோரின் பிள்ளைகள் என்பதைச் சுட்டிக்காட்டினர். அடிமைமுறையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென எண்ணிய இடங்கள் வேறு வாசலுக்குப் போகின்றனவா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

பராக் ஒபாமா குடியரசுத் தலைவர் தேர்தலில் இறங்கியபோது இதே கேள்வி அவரைச் சுற்றியது. தந்தை கென்யர், தாய் கான்சாஸ் மாநில வெள்ளையர். அடிமைமுறையின் நினைவு அவர் தந்தைவழியில் இல்லை. நம்மைப் போன்ற கறுப்பரல்லர் என்று ஸ்டான்லி கிரவுச் என்ற கறுப்பு எழுத்தாளரே 2006இல் எழுதினார். 2010 குடிக்கணக்குப் படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைக் குறிக்கும் வசதி இருந்தும் ஒபாமா கறுப்பர் என்ற ஒரு கட்டத்தை மட்டுமே குறித்தார்.

அண்மைக் காலத்தில் 'அமெரிக்க அடிமைமுறையின் வழித்தோன்றல்கள்' என்ற பெயரை முன்வைத்து ஓர் இயக்கம் எழுந்துள்ளது. ஈவெட் கார்னெல், அன்டோனியோ மூர் ஆகியோர் இதைத் தொடங்கினர். நிறம், கண்டம் இரண்டையும் விட்டுவிட்டு, நடந்த அநீதியையே பெயராகக் கொள்வது இவ்வழி. இதன் பின்னால் இருப்பது இழப்பீட்டுக் கோரிக்கை. கலிபோர்னியா மாநிலம் 2020இல் சட்டமியற்றி அமைத்த இழப்பீட்டு ஆய்வுக்குழு, யாருக்கு இழப்பீடு என்ற கேள்வியில் 2022 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தியது. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வழித்தோன்றல்கள், அல்லது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அந்நாட்டில் வாழ்ந்த சுதந்திரக் கறுப்பரின் வழித்தோன்றல்கள் என்று எல்லை வகுக்கப்பட்டது. ஆதரவு 5, எதிர்ப்பு 4. ஒரே ஒரு வாக்கு. அம்மாநிலத்தில் 1996 முதல் இன அடிப்படையில் அரசு சலுகை தர முடியாது என்ற தடை இருப்பதால், வழித்தோன்றல் என்ற அளவுகோலே வழக்குமன்றத்தில் நிற்கும் என்ற கணக்கும் இதில் இருந்தது.

இங்குதான் பெயர் பற்றிய விவாதம் மரியாதைப் பேச்சைத் தாண்டிச் செல்கிறது. 'கறுப்பர்' என்றால் ஒரு கூட்டம், 'வழித்தோன்றல்' என்றால் அதனுள் வேறொரு கூட்டம். சொல்லைத் தேர்ந்தவுடன் பயனாளிகள் பட்டியல் தயாராகிவிடுகிறது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை வழித்தோன்றல் கணக்கு நியாயமானதே. கடன் யாருக்குப் பட்டதோ அவர் வாரிசுக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் அதை முழு அடையாளமாக்கிக் குடியேறியோரை அயலாராகப் பேசும்போது அவ்வியக்கம் வழுக்குகிறது. 1999 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தம் வீட்டு வாசலில் நின்ற அமடு டியாலோவை நோக்கி நான்கு காவலர்கள் 41 முறை சுட்டனர். அவரிடம் ஆயுதம் இல்லை. அவர் கினி நாட்டிலிருந்து வந்தவர்; அமெரிக்க அடிமைமுறைக்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. துப்பாக்கி வம்சாவளி கேட்பதில்லை. ஆகவே இழப்பைக் கணக்கிட ஒரு பெயரும் இன்றைய ஆபத்தைக் கூட்டாக எதிர்கொள்ள வேறொரு பெயரும் தேவைப்படுகின்றன. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முயல்வதால்தான் சண்டை முடிவதில்லை.

படிவங்களில்

அமெரிக்கக் குடிக்கணக்கில் 1850இல் 'முலாட்டோ' என்ற கலப்பினப் பிரிவும், 1890இல் கால்பங்கு, அரைக்கால் பங்கு கறுப்பர் என்ற பிரிவுகளும் இருந்தன. 1930இல் ஒரு துளி இரத்தம் இருந்தாலும் 'நீக்ரோ' என்றாயிற்று. அக்காலத்தில் கணக்கெடுப்பவர் ஆளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். தாமே குறித்துக்கொள்ளும் முறை 1960க்குப் பிறகே பரவியது. 2000ஆம் ஆண்டுப் படிவத்தில் பிளாக், ஆப்பிரிக்க அமெரிக்கர், நீக்ரோ மூன்றும் ஒரே கட்டத்தின் அருகில் இருந்தன. அப்படியிருந்தும் 50,000க்கும் மேற்பட்டோர் 'நீக்ரோ' என்று தம் கையாலேயே தனியே எழுதினர். முதியோரின் பெயர் அது. அவர்கள் அதற்காகப் போராடியவர்கள். 2013இல் அச்சொல்லைப் படிவங்களிலிருந்து நீக்குவதாக அறிவிக்கப்பட்டது. 2016இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் எஞ்சியிருந்த கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்தும் அதை நீக்கியது.

அமெரிக்காவுக்கு வெளியே

'பிளாக்' என்ற சொல் கடல் கடந்ததும் எல்லையை மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் ஆப்பிரிக்கர், கரீபியர், தெற்காசியர் அனைவரையும் சேர்த்துக் 'கறுப்பர்' என்றழைக்கும் அரசியல் வழக்கு வலுவாக இருந்தது. அதை முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் இலங்கைத் தமிழரான அ. சிவானந்தன். 1958 இனக்கலவரத்தை அடுத்து இலண்டன் சென்ற அவர், இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் நூலகராக இருந்து பின் இயக்குநரானார். கறுப்பு என்பது தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம் என்பது அவர் நிலைப்பாடு. 1979இல் தொடங்கிய 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்ற பெண்கள் அமைப்பில் தெற்காசியப் பெண்கள் பெரும்பங்கு வகித்தனர். தாரிக் மதூத் போன்ற அறிஞர்கள், இந்தப் பொதுப்பெயர் ஆசியரின் மதத்தையும் பண்பாட்டையும் மறைத்துவிடுகிறது என்று மறுத்தனர். 1991 குடிக்கணக்குப் படிவம் கறுப்பரையும் இந்தியரையும் தனித்தனிக் கட்டங்களில் வைத்தது. சிவானந்தனின் கறுப்பு படிவத்தில் ஏறவேயில்லை.

தென்னாப்பிரிக்காவில் அது சட்டத்திலேயே ஏறியது. ஸ்டீவ் பீக்கோவின் கறுப்புணர்வு இயக்கம் ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் மூவரையும் 'கறுப்பர்' என்றது. 1998இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமும் அவ்வாறே வரையறுக்கிறது. 2008இல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தென்னாப்பிரிக்கச் சீனரும் அதில் அடங்குவர் என்று தீர்ப்பளித்தது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் தமிழ் வழித்தோன்றல்கள் ஆகவே அந்நாட்டுச் சட்டப்படி கறுப்பர்கள்.

இன்னொரு சொல்லின் பயணம் இதைவிட வியப்பானது. அரபியில் நம்பிக்கையற்றவரைக் குறித்த 'காஃபிர்' என்ற சொல், போர்த்துகீசியர் வழியாகத் தமிழில் 'காப்பிரி' ஆயிற்று. இலங்கையின் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில், போர்த்துகீசியரும் பின்வந்தோரும் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் சிறு சமூகம் இன்றும் வாழ்கிறது. அவர்கள் தம்மைக் காப்பிரியர் என்றே சொல்லிக்கொள்கின்றனர். 'மஞ்சா' என்னும் அவர்களது பாட்டும் கூத்தும் பெயர் பெற்றவை. தென்னாப்பிரிக்காவில் அதே சொல் மிகக் கொடிய வசை. 2018இல் ஒருவர் அதைக் காவலர்மீது வீசியதற்காகச் சிறைத்தண்டனை பெற்றார்.

தமிழில்

1930இன் போராட்டம் 2020இல் மீண்டும் நடந்தது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் நியூயார்க் டைம்சும் 'பிளாக்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கின. 'வொயிட்' என்பதைச் சிறிய எழுத்திலேயே விட்டன. வாஷிங்டன் போஸ்ட் இரண்டுக்கும் பெரிய எழுத்துத் தந்தது. இச்செய்தியைத் தமிழில் மொழிபெயர்ப்பவர் கையில் கருவியே இல்லை. தமிழ் எழுத்தில் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. எழுத்தால் காட்ட முடியாததைச் சொல்லால்தான் காட்டவேண்டும்.

தமிழ் நாளேடுகள் காட்டுவது எப்படி? 'வெள்ளையர்' என்றும் 'கறுப்பினத்தவர்' என்றும் எழுதுகின்றன. வெள்ளையருக்கு நிறம் மட்டும். கறுப்பருக்கு நிறத்தோடு 'இனமும்' ஒட்டிக்கொள்கிறது. மூலத்தில் அந்த 'இனம்' கிடையாது. மரியாதைக்காகச் சேர்க்கப்பட்டதாயினும், ஒரு பக்கத்தார் வெறும் மனிதர், மறுபக்கத்தார் ஓர் இனம் என்ற தோற்றத்தை அது தருகிறது. 'வெள்ளையர்–கறுப்பர்' என்றோ 'வெள்ளையினத்தவர்–கறுப்பினத்தவர்' என்றோ இணையாக எழுதுவது பொருந்தும். கறுப்பு, கருப்பு என்ற எழுத்துக் குழப்பம் வேறு. தொல்காப்பியம் வல்லின றகரத்தோடு 'கறுப்பு' என்பதைச் சினத்துக்கும் நிறத்துக்கும் உரியதாகக் கூறுகிறது. இடையின ரகரத்தோடு 'கருப்பு' என்றால் பஞ்சம் என்ற பொருளும் உண்டு. நிறப்பெயருக்குக் 'கறுப்பர்' என்பதே நல்லது.

கமலா ஹாரிஸ் 2020இல் துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவர் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் கோலமிட்டுக் கொண்டாடினர். தமிழ் ஏடுகளின் தலைப்புகளில் அவர் தமிழ் வம்சாவளிப் பெண். அமெரிக்காவில் அவர் கறுப்புப் பெண்ணாக வளர்க்கப்பட்டவர், கறுப்பர்களுக்கென 1867இல் நிறுவப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்புப் பத்திரிகையாளர் கூட்டத்தில் டொனால்டு டிரம்ப், ஹாரிஸ் இந்தியராக இருந்து திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்ற பொருளில் பேசினார். தந்தை ஜமைக்காவில் பிறந்தவர் என்பதால் கலிபோர்னியக் குழு வகுத்த எல்லைக்குள்ளும் ஹாரிஸ் வரமாட்டார். டிரம்பின் பேச்சைக் கண்டித்த தமிழர் பலர், 'கறுப்பு' என்ற பாதியை விட்டுவிட்டுத் தாய்வழிப் பாதியை மட்டும் தாங்களும் கொண்டாடியதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் நடைமுறைக் கேள்வி ஒன்று எஞ்சுகிறது. 1963க்கு முந்தைய பேச்சையோ நூலையோ தமிழாக்கும்போது 'நீக்ரோ' என்று வருமிடங்களிலெல்லாம் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்று மாற்றிவிடும் பழக்கம் பரவிவருகிறது. கிங்கின் வாயில் 1988க்குப் பின் பரவிய சொல்லை வைப்பது முறையன்று. மூலத்தில் 'நீக்ரோ' என்றிருந்தால் அவ்வாறே வைத்து, அன்று அது மரியாதைச் சொல் என்று ஒரு வரி குறிப்பெழுதினால் போதும். இன்றைய மக்களைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் தம் சொந்த நடையில் எழுதும்போது மட்டும் அச்சொல்லைத் தவிர்க்கவேண்டும்.